மூச்சுமேடு

நாற்பத்தொரு திமிங்கிலங்களை மண்ணில் போட்டு மூடிய ஒன்பதாம் நாள் காலையில், ஆவாரந்துறைக் கடற்கரையில் மண் மூச்சுவிட்டது. வலை உணக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஜேசிபி வந்து சமப்படுத்திவிட்டுப் போன மேட்டில் ஓரிடத்தில் மணல் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியது, புஸ்ஸென்று வெள்ளையாய் ஆவி வந்தது, அது மீன்வாடையோடு அவர்கள் முகத்தில் படிந்தது, பிறகு மணல் உள்ளே இழுபட்டு அடங்கியது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. எண்ணிப் பார்த்தபோது பதினோரு இடம் இருந்தது. பெண்கள் ஓடவில்லை. "உள்ள இருக்கு போலிருக்கே" என்று ஒருத்தி சொன்னாள், பூட்டாத வீட்டைப் பார்த்துச் சொல்வதுபோல. பிறகு வலையை வேறிடத்தில் விரித்துவிட்டு, ஊருக்குள் சேதி சொல்ல வந்தார்கள்.

சேதி வந்தபோது சலேத்தம்மாள் கோவில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. முற்றத்தின் கடைசிவரை கூட்டி, குப்பையை அள்ளி, கையைக் கழுவி, அப்புறம்தான் கடற்கரைக்குப் போனாள். வடக்கு ஓரத்தில் இருந்த மூச்சின் அருகில் போய் நின்றாள். அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியும்.

ஆவாரந்துறை தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து உடைமரக்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சங்கு குளிக்கிற ஊர். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். வள்ளத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான், ஏனென்றால் தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை விரும்புகிறவன் எவனும் இருக்க மாட்டான். கயிற்றுக்காரனிடம் கடிகாரம் கிடையாது. அவன் மாதாவை வாழ்த்துகிற மங்கள வார்த்தை செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எண்ணுவான். ஆறு மங்கள வார்த்தைக்குள் கீழே இருப்பவன் கயிற்றை அசைக்க வேண்டும். எட்டு ஆனால் மேலே இழுக்க வேண்டும். இருபது ஆகியும் ஆள் வரவில்லையென்றால் அதற்குமேல் எண்ணுவதில்லை, கரைக்குச் சொல்லியனுப்புவார்கள். இருபதுக்குமேல் மூச்சில்லாமல் இருந்து பிழைத்தவன் அந்த ஊரில் யாருமில்லை. அதனால் உலகத்திலேயே யாருமில்லை என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

திமிங்கிலங்கள் தை மாதம் கரையேறின. கருப்பு உடம்பு, குடம் கவிழ்த்ததுபோல் நெற்றி, வள்ளத்தைவிட நீளம். ஊரில் அவற்றைப் பெரிய ஓங்கல் என்றார்கள். அதிகாரிகள் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சேதி வந்தது. அதிகாரிகள் வர இரண்டு நாள் ஆனது. அதற்குள் வெயிலில் அவற்றின் தோல் பாளம்பாளமாக வெடித்துவிட்டது. கடைசியில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் பூமிநாதன் ஒற்றை ஸ்டெதஸ்கோப்போடு வந்து, ஒவ்வொன்றின் விலாவிலும் வைத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு தாண்டி எதுவும் கேட்கவில்லை என்று நிமிர்ந்தார். சாயங்காலத்துக்குள் புதைத்துவிட வேண்டும், புதைக்குமுன் ஒவ்வொன்றும் செத்ததற்குச் சாட்சி கையெழுத்து வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அப்போதுதான் ஊர் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னது. தலைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையில் உள்ளங்கையை வைத்து, எண்ணிப் பார்க்கலாம். பெரிய உடம்பென்பதால் இருபதை இரட்டிப்பாக்கி நாற்பது.

கோவிலில் செபமாலை சொல்லிக் கொடுப்பவள் சலேத்தம்மாள். வேகமும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் அவள் சொல்கிற மங்கள வார்த்தையை வைத்துத்தான் கயிற்றுக்காரர்கள் பழகுவார்கள். ஆகவே முதலில் அவளைத்தான் உட்காரச் சொன்னார்கள், பெரியதாய் வடக்கு ஓரத்தில் கிடந்த கிழட்டுப் பெண் திமிங்கிலத்தின் தலைமாட்டில். அதன் துடுப்புக்கடியில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. தாயின் அடிவயிற்றில் பால் கசிந்து தயிர்போல் உறைந்திருந்தது. தோல் அவித்து உரித்த முட்டைபோல் வழவழத்தது. சலேத்தம்மாள் நாற்பதும் சொன்னாள். இன்னும் இரண்டு சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஜேசிபிக்காரன் ஹாரன் அடித்தான். "முடிஞ்சுது" என்று கையை எடுத்தாள். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது ஒன்பதாம் நாள் அந்த வெதுவெதுப்பு அவள் பாதத்தின் கீழே இருந்து வந்தது.

மறுநாள் கோவில் முன்னால் ஊர் கூடியது. சலேத்தம்மாள் கூட்டத்தில் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"தோண்டணும். உயிரோட இருக்கு."

ஊர்க்கமிட்டித் தலைவர் லெயோன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யக்கா, உக்காருங்க. நாப்பத்தொண்ணும் செத்துட்டுன்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. உயிரோட பொதைச்சிட்டோம்னு இப்ப நாமளே போய்ச் சொன்னா, நாளைக்கு ஒரு வள்ளம் கடலுக்குப் போவாது. கேஸு போடுவான். மொதப் பேரு ஒங்க பேருதான்."

"போடட்டும்."

"நீங்க ஜெயிலுக்குப் போயிருவீக. ஒங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா."

சலேத்தம்மாளின் தம்பி தொபியாஸ், "வாய அளந்து பேசும்" என்றான், ஆனால் அவனும் தோண்டலாம் என்று சொல்லவில்லை. சலேத்தம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் நெஞ்சுக்கோளாறில் போய்ப் பத்து வருஷமாகிறது. அது ஊருக்குத் தெரியாத சேதியல்ல. ஆனால் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லிலிருந்து அவள் எழுந்து வெளியே வருவதற்குள் தை போய் மாசி போய்விட்டது, மண்ணும் இறுகிவிட்டது.

பாதர் தீர்த்தம் தெளிக்க வந்தார். அவர் தெளித்த இடத்தில் மண் திருப்பித் தெளித்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனவர், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் மழைக்காக மன்றாடினார். மண்ணிலிருந்து ஆவி வருவது ஏனென்று கேட்டு லெயோன் மேலிடத்துக்கு மனுப் போட்டார். பூமிநாதன் டாக்டர் மறுபடி வந்து, குத்தவைத்து, துளையின்மேல் கையை நீட்டி, நனைந்த கையை முகர்ந்து பார்த்தார்.

"இது ஆழத்துல போயி கணவாய் பிடிக்கிற சாதிம்மா" என்று சலேத்தம்மாளிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "மூச்ச அடக்கிக்கிட்டு நீங்க எண்ணுனதப்போல ரெண்டு மடங்கு கூட இருக்குமாம். அன்னைக்கு எனக்குத் தெரியாது. நான் மாட்டு டாக்டர். போன வாரந்தான் புஸ்தகத்துல பார்த்தேன்."

"அந்தக் குட்டி அதோடதா?"

"இருக்காது. அது ஈனுற வயசெல்லாம் தாண்டினது. இதுகள்ல கெழவிங்க அடுத்ததோட குட்டிக்குப் பால் குடுக்குமாம். தானா சுரக்குமாம்."

சலேத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். "வாயுன்னு ஒரு கட்டம் இருக்கு. மூச்சுன்னு கட்டம் இல்லம்மா" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

அழுகல் வாயு, அருகில் தீ மூட்ட வேண்டாம் என்று பதில் வந்தது. ஒரு வாரம் யாரும் அங்கே பீடி பற்றவைக்கவில்லை. எட்டாம் நாள் ஒருவன் பற்றவைத்தான், ஒன்றும் ஆகவில்லை, அதோடு பயம் விட்டுப்போயிற்று. ஐப்பசி மழையில் ஊரெங்கும் நெத்திலி காயாமல் நாறியபோது அந்த மேட்டில் போட்டது மட்டும் சூட்டில் காய்ந்து கலகலவென்று உதிர்ந்ததைப் பார்த்துப் பெண்கள் அங்கே இடம் பிடித்துக் கல் வைத்தார்கள், ஆடுகள் போய்ப் படுத்தன, பிள்ளைகள் துளையின்மேல் உட்கார்ந்து பாவாடை குடையாய் விரிவதற்காகக் காத்திருந்தன, கக்குவான் இருமல் வந்த கைக்குழந்தையைத் தூக்கிவந்து ஆவியில் காட்டினால் அன்றைக்குப் பால் குடிக்கிறது என்று பேச்சு பரவி வெளியூர்க்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்தார்கள், நடத்துநர் "மூச்சுமேடு எறங்கு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார், ஒரு வருஷத்தில் அந்தப் பெயரை நெடுஞ்சாலையில் பச்சைப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். கடல் தெற்குத் தெருவைத் தின்றபிறகு அந்த மேட்டில்தான் அரசாங்கம் வீட்டுமனை அளந்து கொடுத்தது. மூச்சு உள்ள மனை யாருக்கு விழுமென்று சீட்டுக் குலுக்கினார்கள். வடக்கு ஓரத்து மனை தொபியாசுக்கு விழுந்தது.

தொபியாஸின் மனைவி ரெபேக்காளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கல்யாணமாகி வந்த வருஷம் பாதி நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில்தான் கழிந்தது. வீடு கட்டும்போது தொபியாஸ் அந்தத் துளையை அடுப்படி மூலையில் வருகிறமாதிரி வைத்து, சுற்றிலும் கிணற்று வாய்போலச் சிறியதாய் சிமெண்டு வளையம் கட்டினான். ரெபேக்காள் அதன் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். கீழே இருப்பது மூச்சு விடும். இவள் குனிந்து இழுத்துக்கொள்வாள். அந்த ஈரச் சூடு நெஞ்சுக்குள் போய் எதையோ அவிழ்த்துவிடும். இரண்டே மாதத்தில் அவள் பாட்டுக்குழுவில் சேர்ந்து கோவிலில் உச்சக்குரலில் பாடினாள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

சலேத்தம்மாள் தினமும் காலைப் பூசைக்கு முன்னால் தம்பி வீட்டுக்கு வருவாள். வளையத்தருகே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் முதல் வருஷம் பன்னிரண்டு மங்கள வார்த்தை இருந்தது.

"உள்ள கெடக்கவ ஒங்களுக்கு என்ன மொறை வேணும் மைனி, இப்படி நெதம் வந்து நாடி பாக்கிறீக?" என்று ரெபேக்காள் கேலி பண்ணுவாள்.

"ஒனக்கு மாமியா. அதான் அடுப்படிய விட்டு நகர மாட்டேங்கா."

"மாமியான்னா இம்புட்டு நேரம் என் கொழம்பக் கொறை சொல்லியிருப்பாள்ளா."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் முதல் இரண்டு வருஷம் சலேத்தம்மாள் தம்பியைக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். தோண்டுல, ஒரு நாள் வேலை, நான் பாத்திரம் பண்டத்தை வித்துத் தாரேன். தொபியாஸ் கோபப்பட மாட்டான். அடுப்படியில் பாடிக்கொண்டே தேங்காய் துருவுகிற ரெபேக்காளைக் கண்ணால் காட்டுவான். "அவள என்ன செய்யச் சொல்லுத?" என்பான். மூன்றாம் வருஷத்திலிருந்து சலேத்தம்மாள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டால் ஒரு மூச்சைப் பிடுங்கி இன்னொரு மூச்சுக்குக் கொடு என்று கேட்டதாகிவிடும். ஆகவே எண்ண மட்டும் செய்தாள். இருபதாகி, முப்பத்தைந்தாகி, அறுபதானது.

இதற்கிடையில் மற்ற மூச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. முதல் மூச்சு நின்றபோது அந்த வீட்டுக்காரர்கள் மூன்று நாள் காத்திருந்தார்கள். அப்புறம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதென்று சொல்கிறமாதிரி "எங்க வீட்டுல நின்னுட்டு" என்று சொன்னார்கள். அடுத்து நின்றவற்றுக்கு அதுவும் சொல்லவில்லை. துளையில் ஒரு கை சாந்து போட்டுப் பூசி, மேலே அரிசிப்பானையை வைத்துவிட்டார்கள். ஏழாம் வருஷம் பங்குனியில் ஊரில் ஒரே ஒரு மூச்சுதான் மிச்சம் இருந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு காலை சலேத்தம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ரெபேக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எண்ணாதீக மைனி. சும்மா கேளுங்க."

வெகுநேரம் கழித்து மூச்சு வந்தது. வந்தது பெரிதில்லை, திரும்ப உள்ளே இழுத்தபோது, மண்ணுக்கடியில் எங்கேயோ மெல்லியதாய் ஒரு விசில் கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல.

"கேட்டுதா? எனக்கு இழுக்கும்போது கேக்குமே, அதே விசிலு. அதுக்கு மூச்சு முட்டுது மைனி. மேல யாராவது நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும் அதுக்கு. நாந்தான உக்காந்திருக்கேன்."

"ஒனக்கு இது இல்லாமப் போச்சுன்னா..."

"எனக்கு வாயில அடிக்கிற பம்பு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்கு எவ இருக்கா?"

தொபியாஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் பெண்டாட்டியைத் திட்டினான். பிறகு அக்காவைத் திட்டினான். பிறகு வெளியே போய்க் கடப்பாரையோடு வந்து, அடுப்பை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, தான் கட்டிய வளையத்தைத் தானே உடைத்தான். உடைக்கிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மண்வெட்டி எடுத்துவந்தார்கள். ஏழு வருஷமாய் யாரும் கேட்டுக்கொள்ளாமல் இருந்த ஒரு கேள்விக்கு அன்று காலை ஊர் மொத்தமும் ஒன்றாய்ப் பதில் சொல்வதுபோல் இருந்தது. அடுப்படிச் சுவரும் கடல் பார்த்த சுவரும் உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிட்டன.

கல்லுக்கடியில் முளைத்த புல்லைப்போல் அது வெளுத்துப் போயிருந்தது. பாதி உடம்பாய் வற்றியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் மற்றவற்றின் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன, துடுப்புக்கடியில் குட்டியின் எலும்பு, சிறிய மண்டையோட்டோடு, அப்படியே இருந்தது. வெளிச்சம் பட்டதும் அது கண்ணைத் திறந்தது. சலேத்தம்மாள் குழிக்குள் இறங்கி ஈரச்சாக்கைப் போர்த்தினாள். உள்ளங்கையை அதன் உச்சியில் வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கரைமடி வலையின் பெருங்கயிற்றைக் கட்டி, அடியில் பனைமட்டைகளைப் பரப்பி, பக்கத்துக்கு நாற்பது பேராய்ப் பிடித்து இழுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். லெயோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாய் ஏலேலோ போட்டார். மணலில் வாய்க்கால்போல் ஆழமாய்த் தடம் விழுந்தது. பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே அது அலையில் இறங்கிவிட்டது. கழுத்தளவுத் தண்ணீர்வரை பிடித்துக்கொண்டு போய் விட்டார்கள். முதலில் ஒருக்களித்தது, பிறகு நிமிர்ந்தது, பிறகு ஏழு வருஷத்து மண்ணையெல்லாம் கக்குவதுபோல் பனையுயரத்துக்கு ஒரு மூச்சு விட்டது. கோவில் மணி அடித்தார்கள். ரெபேக்காள் கரையில் உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரித்தாள், சிரிப்புக்கு நடுவே இழுப்பும் வந்தது, பம்பை எடுத்து அடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். சலேத்தம்மாள் அவள் பக்கத்தில் ஈரமணலில் உட்கார்ந்தாள்.

அது இரண்டு முறை வட்டம் போட்டது. பிறகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

"வழி தெரியல போல" என்று தொபியாஸ் நீந்திப்போய்த் தலையைத் திருப்பிவிட்டான். அது திரும்பிப் போய், மறுபடியும் வந்தது. இளவட்டங்கள் இரண்டு வள்ளத்தில் போய்க் குறுக்கே நின்று துடுப்பால் தண்ணீரை அடித்தார்கள். வள்ளங்களுக்கடியில் முங்கிக் கரைப்பக்கம் எழுந்தது. நான்கு பேர் மூக்கைப் பிடித்துத் தள்ளினார்கள். அது யாரையும் இடிக்கவில்லை, யார்மேலும் கோபப்படவில்லை. விட்டதும் வந்தது.

தொபியாஸ் ஈரக்கையோடு போன் போட்டான். பூமிநாதன் டாக்டர் இப்போது எங்கோ மலைப்பக்கத்து ஊரில் இருந்தார்.

"கூட்டத்த விட்டுப் போகாது தம்பி" என்றார் அவர். "ஒண்ணு கரையில கெடந்தாலும் மத்தது கெளம்பாது. எல்லாத்தையும் கடலுக்குள்ள கொண்டுபோனாத்தான் இதுவும் போகும்."

"அதெல்லாம் எலும்பாயிட்டு சார்."

"அது இதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர்.

சலேத்தம்மாள் எழுந்தாள். குழிக்குப் போய்க் குட்டியின் எலும்புகளைப் பனையோலைக் கடவப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்து, வள்ளத்தில் ஏறி, அலை தாண்டிய இடத்துக்கு விடச் சொன்னாள். அங்கே ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இட்டாள். மண்டையோட்டைக் கடைசியாக இட்டாள். திமிங்கிலம் வந்தது. கடலைப் பார்த்து நின்றது. தொபியாஸ், "போவுது, போவுது" என்று முணுமுணுத்தான். அது முங்கியது. எழுந்தபோது அந்தச் சின்ன மண்டையோடு அதன் நெற்றிமேல் இருந்தது. அது ஆடாமல் அசையாமல், நெற்றியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதந்தது. பிறந்த குட்டியை முதல் மூச்சு எடுப்பதற்கு அப்படித்தான் தூக்கிக் காட்டுமாம் அந்தச் சாதி. வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வள்ளத்தில் இருந்தபடியும் கரையில் நின்றபடியும் அந்த எலும்பு மூச்சுவிடுமா என்று பார்த்தார்கள். மண் மூச்சுவிட்ட ஊர் அது. பார்க்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை.

பிறகு அது அந்த மண்டையோட்டை நெற்றியில் ஏந்தியபடியே கரைக்கு வந்தது. எண்பது பேர் சேர்ந்து இழுத்த தடத்தில் ஒருவர் கையும் படாமல் ஏறியது. வயிற்றால் ஊர்ந்து, நின்று, இளைத்து, ஊர்ந்து, இடிந்த சுவரைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, குழிக்குள் இறங்கி, எலும்புகளுக்கு நடுவே முன்பு கிடந்த இடத்தில் கிடந்தது. மண்டையோடு நழுவித் துடுப்பருகே விழுந்தது. அதன்மேல் துடுப்பைப் போட்டுக்கொண்டது.

சாயங்கால வெயில் சுள்ளென்று அடித்தது. புதிதாய் நனைந்த தோல் ஒவ்வொரு இடமாக வெடிக்கத் தொடங்கியது. சாக்கைப் போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், நாளைக்கும் வெயில் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மூடிரலாமா" என்று லெயோன் கேட்டார். அவர் குரலில் தலைவர் தோரணை இல்லை. பிறகு சலேத்தம்மாள் பக்கம் திரும்பி, "யக்கா?" என்றார்.

சலேத்தம்மாள் தம்பியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். வாலிலிருந்து தொடங்கினாள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை. அவள் ஒருத்தியாய் முதுகுவரை போட்டபிறகு தொபியாஸ் இறங்கினான், அப்புறம் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். மண் விழ விழ அது அடங்கிக் கிடந்தது. தலையைச் சுற்றி மண் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டது. மூச்சுத்துளை மட்டும் மிச்சம் இருந்தது. அதை யாரும் தொடாமல் விலகி நின்றார்கள். துளை திறந்தது, விசிலோடு காற்றை உள்ளே இழுத்தது, மூடிக்கொண்டது. சலேத்தம்மாள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன்மேல் வைத்தாள். தட்டிச் சமன் செய்தாள்.

மேலே எதுவும் எழும்பவில்லை. காத்திருந்து பார்த்தார்கள். ரெபேக்காள் மண்ணில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

புதைத்துவிட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் ஆவாரந்துறையில் யாரும் வீட்டுக்குள் போவதில்லை. தெருமுனைக் குழாயடியில் ஆணும் பெண்ணுமாய் வரிசை கட்டி நின்று, ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிக்கொண்டு போவார்கள். அன்றும் பழக்கத்தில் எல்லோரும் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் செம்பை எடுக்கவில்லை. குளித்தால் அது செத்துவிட்டதென்று ஆகும். குளிக்காவிட்டால் இவர்கள் செய்தது என்னவென்று ஆகும். கொஞ்சங்கொஞ்சமாக எல்லோருடைய பார்வையும் சலேத்தம்மாளிடம் வந்து நின்றது.

அவள் முன்னால் வந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். செம்பை முக்கி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையில் ஊற்றினாள்.

அதற்குப்பிறகு லெயோன் ஊற்றிக்கொண்டார். தொபியாஸ் ஊற்றிக்கொண்டான். செம்பு கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போனது. தண்ணீர் தெருவில் ஓடியது. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, அடுத்த நாள் எந்தக் கடலடிப் பாருக்குச் சங்கு குளிக்கப் போவதென்று யாரோ பேசத் தொடங்கினார்கள்.

ரெபேக்காள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. தன் வீடு இடிந்து கிடந்ததால் மைனி வீட்டைப் பார்த்து நடந்தாள், நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று இழுத்துக்கொண்டு. வாசலில் ஒரு கையை நிலையில் ஊன்றிக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு காலில் மண்ணோடு, உலர்ந்த தலையோடு, உள்ளே போனாள்.